கலியபெருமாள் ஜோக் அடித்த நாள்

'காரணம் எதுவும் இல்லாமலே எனக்கு நெஞ்சு படபடப்பதுண்டு. ஆம் அல்லது இல்லை என்று குறிக்கவும்.'

இந்த வரியைப் படித்து முடிப்பதற்குள் எனக்கு நெஞ்சு படபடக்க ஆரம்பித்துவிட்டது.

பென்சிலின் பின்பக்கத்தைக் கடித்துக்கொண்டு யோசித்தேன். இப்போது படபடக்கிறதே, இதற்குக் காரணம் இருக்கிறதா, இல்லையா? இருக்கிறது. இந்தக் கேள்விதான் காரணம். காரணம் இருப்பதால் இது 'காரணம் எதுவும் இல்லாமல்' வருகிற படபடப்பில் சேராது. ஆகவே 'இல்லை' என்று தாராளமாகக் குறிக்கலாம். நான் வக்கீலுக்குப் படித்திருக்க வேண்டியவன். வழி தவறிச் சுரங்கத்துக்கு வந்துவிட்டேன்.

பயிற்சிக்கூடத்தில் மின்விசிறிகள் கிறீச்சிட்டுச் சுற்றிக்கொண்டிருந்தன. ஜன்னலுக்கு வெளியே வேப்பமரம் சும்மா நின்றது. அதற்கு என்ன, ஆபரேட்டர் வேலையா? என் ஷிஃப்ட் ஆட்கள், பேரன் எடுத்தவர்கள் உட்பட, பத்தாம் வகுப்புப் பரீட்சை எழுதுகிறவர்கள்போல் குனிந்திருந்தார்கள். பக்கத்து மேஜையில் கலியபெருமாள். இடது கையை வளைத்துத் தன் விடைத்தாளை மறைத்துக்கொண்டு எழுதினான். நான் பார்த்துக் காப்பி அடித்துவிடுவேனாம். எதை? அவனுடைய குணத்தை!

முன்னால் நின்ற மேடம் வெளியூரிலிருந்து வந்த மனநல நிபுணர். சின்ன வயது. பொறுமையான முகம்.

"சார், இது பரீட்சை இல்ல. சரியான பதில், தப்பான பதில்னு எதுவுமே கிடையாது. மனசுல தோணுறதைக் குறிங்க, போதும்."

யாரும் நம்பவில்லை. கையில் பென்சிலையும் கேள்வித்தாளையும் கொடுத்துவிட்டு 'இது பரீட்சை இல்லை' என்றால் நெய்வேலியில் எவன் நம்புவான்? பரீட்சை எழுதி வேலைக்கு வந்து, பரீட்சை எழுதிப் பதவி உயர்வு வாங்கி, பிள்ளைகளைப் பரீட்சைக்கு அனுப்பிவிட்டுப் பள்ளிக்கூட வாசலில் நகம் கடித்து வளர்ந்த டவுன்ஷிப் இது.

நான் 'இல்லை' என்று குறித்தேன். அந்த 'இல்லை' எங்கிருந்து வந்தது என்று சொல்லக் கொஞ்சம் பின்னால் போக வேண்டும். நான் எங்கேயும் நேராகப் போகிறவன் இல்லை என்பது இந்தத் தொடரை வாரா வாரம் பொறுத்துக்கொள்பவர்களுக்குத் தெரியும்.

மேலே இருப்பவன்

இந்த வாரம்தான் முதல்முறையாகப் படிக்கிறவர்களுக்காக: என் பெயர் தண்டபாணி. சுரங்கத்தில் பக்கெட் வீல் ஆபரேட்டர்.

திருவிழா ராட்டினம் ஒன்றை நினைத்துக்கொள்ளுங்கள். ஆட்கள் உட்காரும் தொட்டிகளுக்குப் பதிலாகப் பல் வைத்த இரும்புத் தொட்டிகள். அதைக் கொண்டுபோய் மண்ணில் வைத்து அழுத்திச் சுற்றினால், அதுதான் பக்கெட் வீல். பழுப்பு நிலக்கரிக்கு மேலே கிடக்கும் மண்ணைச் சுரண்டிச் சுரண்டி, பின்னால் ஓடும் பெல்ட்டில் கொட்டும். அந்த ராட்சசனின் நெற்றியில் ஒரு கண்ணாடிக் கேபின். கேபினுக்குள் நான்.

அங்கிருந்து பார்த்தால் கீழே நிற்கிற இன்ஜினியர்கூடக் கடுகுதான். இறங்கி வந்தால் கடுகு நான். அதனாலேயே எனக்கு இறங்கப் பிடிக்காது. என் மாமியார் சொந்தக்காரர்களிடம் என்னை அறிமுகப்படுத்தும்போது பெயரைச் சொன்னதில்லை. "பெரிய மிஷினு ஓட்டுறாரே, அவுருதான்" என்பார். கல்யாண வீடுகளில் பந்தியில் நல்ல இடம் கிடைக்க அது போதும்.

எனக்கு இன்னொரு புகழும் உண்டு. ஷிஃப்ட் முழுவதும் வாக்கி டாக்கியில் ஜோக் அடிக்கிறவன். பெல்ட்டில் நிற்பவன், மண் கொட்டுகிற இடத்தில் நிற்பவன், எல்லாருக்கும் என் குரல் கேட்கும். கலியபெருமாள் மட்டும் சிரிக்க மாட்டான். அவன் எனக்கு ஜோடி ஆபரேட்டர்; ஷிஃப்டில் கேபினுக்கு நானும் அவனும் மாறி மாறி ஏறுவோம். சேத்தியாத்தோப்புப் பக்கம் ஊர், கொஞ்சம் நெல் வயல், நிறைய மௌனம். வாக்கி டாக்கியில் அவன் பேசுவது இரண்டே வாக்கியம்: "வீல் ஸ்டார்ட்", "வீல் ஸ்டாப்." நான் ஜோக் சொல்லி முடித்து எல்லாரும் சிரித்து ஓய்ந்த பிறகு அவன் குரல் வரும்: "அப்புறம்?"

அவ்வளவுதான். ஜோக் செத்துவிடும்.

இப்படிப் போய்க்கொண்டிருந்த வாழ்க்கையில், ஒரு நாள் முதல் ஷிஃப்ட். முந்தின நாள் கோடை மழை பெய்து, மண் வெட்டுவதற்கு அல்வாபோல் இருந்த காலை. வீல் சுற்றுகிறது. பெல்ட் ஓடுகிறது. தேங்கிய தண்ணீரில் கொக்குகள். எதுவுமே நடக்கவில்லை. விஷயமே அதுதான். எதுவுமே நடக்காதபோது எனக்கு வாய் காய்ந்தது. உள்ளங்கை நனைந்து கைப்பிடி வழுக்கியது. நெஞ்சுக்குள் யாரோ கதவைத் தட்டாமல் உடைக்கிறார்கள். அடுத்த நிமிஷம் சாகப்போகிறேன் என்பது, நாளைக்குச் செவ்வாய்க்கிழமை என்பதுபோல், அவ்வளவு உறுதியாகத் தெரிந்தது.

வீலை நிறுத்தினேன். வாக்கி டாக்கியை எடுத்தேன். 'காப்பாத்துங்க' என்று கத்தத்தான் எடுத்தேன். வாயிலிருந்து வந்தது வேறு.

"ஹலோ, கீழ இருக்கறவங்களுக்கு ஒரு அறிவிப்பு. மேல ஒரே குளுரு. யாராச்சும் என் வூட்டுக்குப் போயி கம்பளிய எடுத்துகினு வாங்க."

கத்திரி வெயிலில் கம்பளி. எல்லாரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு வாக்கி டாக்கி வழியாகக் கேபினுக்குள் கொட்டியது. கொட்டக் கொட்ட நெஞ்சு மெல்ல அடங்கியது. கடைசியில் கலியபெருமாள்: "அப்புறம்?"

அதற்குப் பிறகு படபடப்பு வரும்போதெல்லாம் வீலை நிறுத்துவேன், ஜோக் அடிப்பேன். ஷிஃப்டில் பேச்சு பரவியது: "பாணி இப்பல்லாம் செம ஃபார்ம்ல இருக்கான்டா."

நெஞ்சு நன்றாக இருக்கிறது

கேபினில் மட்டும் வந்தால் பரவாயில்லை. காய்கறிக் கடையில் வெண்டைக்காயை ஒடித்துப் பார்க்கும்போது வந்தது. ஒரு வெண்டைக்காய்க்கு முன்னால் செத்துப்போவது ஆபரேட்டருக்கு அழகில்லை என்று ஆஸ்பத்திரிக்குப் போனேன்.

ஈசிஜி எடுக்கிறவர் நெஞ்சில் சில்லென்று ரப்பர்க் குமிழ்களை ஒட்டினார். நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"சார், பீரோ சாவி அரிசிப் பானைக்குள்ள இருக்குதுன்னு மலர்கிட்ட சொல்லிடுங்க."

"யாருங்க மலரு?"

"என் சம்சாரம். வெளில நிக்கறா."

"அப்ப நீங்களே சொல்லுங்க. கதவு தொறந்துதான் இருக்குது."

வெளியிலிருந்து மலரின் குரல் வந்தது: "அத்த அங்க வச்சதே நான்தாங்க."

டாக்டர் காகிதச் சுருளைப் பார்த்தார். "ஹார்ட் நல்லா இருக்குது. இது பயத்தால வர்றது. மனநல டாக்டர ஒருதரம் பாத்துடுங்க."

பார்க்கவில்லை. எப்படிப் பார்ப்பது? இது டவுன்ஷிப். ஒரு பிளாக்கில் தும்மினால் அடுத்த பிளாக்கில் ஆவி பிடிப்பார்கள். அந்த அறை வாசலில் நான் உட்கார்ந்திருப்பதை ஒருவன் பார்த்தால் போதும், சாயங்காலத்துக்குள் என்னை மிஷினிலிருந்து இறக்கி, வேலூர்ப் பாகாயம் மனநல ஆஸ்பத்திரிக்கும் அனுப்பிவைத்திருப்பார்கள்.

தோசைக்கல்லும் தாடிக்காரர்களும்

என் மனைவி மலர் நெல்லிக்குப்பத்துப் பெண். சர்க்கரை ஆலையின் வெல்ல வாசத்தில் வளர்ந்தவள். ஆனால் பேச்சில் இனிப்புச் சேர்க்க மாட்டாள். பையன் வேலைக்கு வெளியூர் போன பிறகு தபால் வழியில் எம்.ஏ. உளவியல் சேர்ந்தாள். ஏன் உளவியல் என்று கேட்டதற்கு, "சோதனைச்சாலை வூட்லயே இருக்குதுங்களே" என்றாள்.

அந்தச் சமயத்தில் அவளுக்கு 'ஆளுமைக் கோட்பாடுகள்' தாள். மனிதன் ஏன் அவனாக இருக்கிறான் என்பதற்கு வெளிநாட்டுத் தாடிக்காரர்கள் ஆளுக்கொரு பதில் சொல்லியிருக்கிறார்களாம். காலையில் தோசை ஊற்றிக்கொண்டே பாடத்தைச் சத்தமாகப் படிப்பாள். நான் தட்டோடு உட்கார்ந்து கேட்பேன். மேலுக்கு ஜோக். உள்ளுக்குள், இவர்களில் எவராவது என்னைக் கண்டுபிடித்துவிடுவாரோ என்று திகில்.

"மனசுக்குள்ள மூணு பேர் இருக்காங்களாம். ஒருத்தனுக்கு எல்லாம் இப்பவே வேணும். ஒருத்தன் எதுக்கெடுத்தாலும் கூடாதும்பான். நடுவுல ஒருத்தன் ரெண்டு பேரையும் சமாளிச்சிகினே கெடப்பான்."

ஒரே குவார்ட்டர்ஸில் மூன்று குடித்தனம். எனக்கு உடனே விளங்கிவிட்டது. கேபினில் முதலாமவன் 'இறங்கி ஓடு' என்கிறான். இரண்டாமவன் 'பெரிய மிஷின் ஆபரேட்டர் ஓடலாமா?' என்கிறான். நடுவில் இருப்பவன் வாக்கி டாக்கியை எடுத்துக் கம்பளி கேட்கிறான்.

மறுநாள் இன்னொரு தாடி. மணி அடித்துச் சோறு வைத்தால், பிறகு வெறும் மணிக்கே நாய்க்கு எச்சில் ஊறுமாம். இதற்கு ஆராய்ச்சி வேறா? முதல் ஷிஃப்ட் பஸ் எங்கள் தெரு முனையில் ஹாரன் அடித்தால் லீவு நாளில்கூட எனக்கு வயிற்றைக் கலக்குகிறது. தெரு நாய் எழுந்து சோம்பல் முறிக்கிறது. நாயும் நானும் ஒரே கோட்பாடு.

இன்னொருவர் மனிதனின் தேவைகளைக் கோபுரம்போல் அடுக்கியிருக்கிறார். அடியில் சோறு தண்ணீர், அதற்கு மேல் பாதுகாப்பு, அதற்கு மேல் அன்பு, மரியாதை. உச்சியில் தன்னை முழுமையாக உணர்தல். பாவம், அவர் நெய்வேலிக்கு வந்ததில்லை. கான்ட்ராக்ட்டில் இருப்பவர்களைக் கேட்டால் சொல்வார்கள், கோபுரத்தின் அடியிலும் நடுவிலும் உச்சியிலும் இருப்பது ஒன்றே ஒன்றுதான்: பெர்மனென்ட்.

உள்முகம், வெளிமுகம் என்று ஒரு பிரிவு வந்தபோது நான் முந்திக்கொண்டேன். "நான் வெளிமுகம்."

"அப்பிடியா? கல்யாணத்துக்குப் போயி ஊரையே சிரிக்க வச்சிட்டு வந்து, அப்பறம் பாத்ரூம்ல போயி கதவச் சாத்திகினு உக்காந்துக்கறீங்களே, அது எந்த முகம்?"

தோசையைப் பிய்த்து வாயில் போட்டுக்கொண்டேன்.

ஐந்து குணங்களை அளந்து ஆளைச் சொல்லும் முறையும் இருக்கிறது. ஐந்தில் கடைசி, பதற்றம். "அதுல எனக்கு எவ்ளோ?" என்றேன். "மத்த நாலும் சேந்து எவ்ளோவோ, அவ்ளோ" என்றாள்.

மாத்திரைச் சீட்டைப் படித்தால் அதிலுள்ள பக்க விளைவுகள் எல்லாம் நமக்கு இருப்பதாகத் தோன்றுமே, அப்படி ஒவ்வொரு கோட்பாடும் எனக்கே அளவெடுத்துத் தைத்ததுபோல் இருந்தது. என் அம்மாவிடம் இத்தனை தாடிக்காரர்கள் இல்லை. அவளிடம் இருந்தது ஒரே கோட்பாடு: பித்தம். நான் அழுதாலும் பித்தம், சிரித்தாலும் பித்தம். இஞ்சிச் சாறும் தேனும் கொடுத்து ஆளுமையைச் சரிசெய்துவிடுவாள்.

முந்திரித் தோப்பு

ஒரு கோட்பாட்டுக்கு மட்டும் என்னால் ஜோக் சொல்ல முடியவில்லை. பிள்ளைகள் பெரியவர்களைப் பார்த்துப் பார்த்தே குணத்தை எடுத்துக்கொள்கிறார்கள் என்பது அது.

நாங்கள் முத்தாண்டிக்குப்பத்துக்காரர்கள். அப்பாவும் சுரங்கத்தில்தான் வேலை பார்த்தார். பஸ்ஸை விட்டு இறங்கி வீட்டுக்கு ஒரு முந்திரித் தோப்பைக் கடந்து போக வேண்டும். அந்தி சாயும் நேரம் அதற்குள் நுழைந்ததும் அப்பா பாட ஆரம்பிப்பார். பெரிய குரல். தோப்பைத் தாண்டும்வரை நிறுத்த மாட்டார். ஊரில் அவருக்குப் பாட்டுக்காரர் என்றே பெயர். 'இன்னா சந்தோஷமான மனுசன்' என்பார்கள்.

அவர் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தவன் நான். முந்திரிப் பழத்தின் புளித்த வாசம். காலடியில் சருகு. அப்பாவின் உள்ளங்கை மட்டும் எப்போதும் நனைந்திருக்கும். வெயிலில் வேலை செய்த கை, அதனால் வேர்க்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

மலர் அந்தப் பாடத்தைப் படித்த காலையில் என் உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டேன். அப்பா பாடினார். நான் ஜோக் அடிக்கிறேன். சொத்து கைமாறியிருக்கிறது, பத்திரம்தான் பதியவில்லை.

ஆன்சர் கீ

அப்போதுதான் அறிவிப்பு வந்தது. பெரிய மிஷின்களில் இருப்பவர்களுக்கெல்லாம் மனநலப் பரிசோதனை. வெளியூரிலிருந்து ஒரு குழு வரும். கேள்வித்தாள் கொடுப்பார்கள், பேசுவார்கள், வேண்டியவர்களுக்கு உதவி செய்வார்கள். அறிவிப்பில் இருந்தது இவ்வளவுதான். அறிவிப்பு டீக்கடைக்கு வந்து சேர்ந்தபோது வேறாகியிருந்தது: "ஃபெயிலானா மிஷின வுட்டு எறக்கிடுவாங்களாம்."

ஃபெயில். அந்தச் சொல் ஒன்று போதும், டவுன்ஷிப் விழித்துக்கொள்ள.

முதல் நாள் எழுதியது வேறு ஷிஃப்ட். துறைத் தேர்வுக்கு இங்கே ஒரு வழக்கம் உண்டு. முதலில் எழுதுகிறவர்கள் ஆளுக்குச் சில கேள்விகளை மனப்பாடம் செய்துகொண்டு வெளியே வந்து ஒப்பிப்பார்கள், அடுத்தவர்கள் பிழைத்துக்கொள்வார்கள். இதைப் பரோபகாரம் என்றுதான் நாங்கள் எல்லாரும் நினைத்திருக்கிறோம். அன்றும் அது ஒழுங்காக நடந்தது. வாட்ஸ்அப்பில் போட்டால் மாட்டிக்கொள்வோம் என்று எல்லாம் வாய்மொழி. டீக்கடைப் பெஞ்சில் சங்கம் கூடியது. எம்.ஏ. படிப்பவளின் புருஷன் என்ற தகுதியில் தலைமை எனக்கு.

காலையிலேயே மலரிடம் கேட்டுப் பார்த்திருந்தேன். "ஆப்பரேட்டருக்கு எந்தப் பர்சனாலிட்டி கரெக்ட்டு?"

"குணத்துக்கு ஆன்சர் கீ கெடையாதுங்க" என்று சொல்லிவிட்டுப் புத்தகத்தைத் தூக்கிப் பரணில் வைத்துவிட்டாள்.

அதனால் நாங்களே தயாரித்தோம்.

"'நான் எப்போதும் பொய் சொன்னதில்லை.' இன்னா போடலாம்?"

"ஆமான்னு போடு. பொய் சொல்றவன எவன் மிஷின்ல ஏத்துவான்?"

"'எனக்குக் கோபம் வந்ததே இல்லை.'"

"ஆமா போடு."

"யோவ், நேத்து கேன்டீன்ல சாம்பார் வாளியத் தூக்கி அடிச்சியேய்யா."

"அது கோவம் இல்ல மாமா, பசி."

"'நான் யாரைப் பற்றியும் புறம் பேசியதில்லை.'"

"ஆமா போடு. அந்த ஃபோர்மேன்தான் பேசிகினே திரிவான், அந்த ஆளு இருக்கானே..."

இப்படியே கேள்வி கேள்வியாகப் பதில் உறுதியானது. பிறகு நான் அடுத்ததைச் சொன்னேன்: "'காரணம் எதுவும் இல்லாமலே எனக்கு நெஞ்சு...'"

முடிக்கவில்லை. அதற்குள் பெஞ்சு முழுவதும் ஒரே குரலாகச் சொன்னது: "இல்ல!"

கலியபெருமாளும் சொன்னான். அவன் வாயைத் திறந்த ஒரே கேள்வி அது. அப்போது எனக்கு அது உறைக்கவில்லை. என் சத்தம்தான் எல்லாரையும்விடப் பெரிதாக இருந்ததே என்று நானே கவலையில் இருந்தேன்.

மகான்களின் ஷிஃப்ட்

பென்சிலோடு நான் வக்கீல் வேலை பார்த்தேனே, அந்தப் பரீட்சை முடிந்து சில நாள் கழித்து மேடம் எங்களை மறுபடி அதே கூடத்துக்கு அழைத்தார். மேஜையில் விடைத்தாள்கள் அடுக்கியிருந்தன. அவர் சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தது கடைசி வரிசையில் இருந்த எனக்கே தெரிந்தது.

"சார், நான் எத்தனையோ இடத்துக்குப் போயிருக்கேன். இப்படி ஒரு ஷிஃப்ட்ட பாத்ததே இல்ல. இங்க ஒருத்தர்கூட வாழ்க்கையில பொய் சொன்னதில்ல. கோபப்பட்டதில்ல. யாரையும் பத்தி ஒரு வார்த்தை தப்பாப் பேசினதில்ல. எல்லாருமே மகான்கள்."

ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம்.

"அதுலயும், எல்லாரும் ஒரே மகான். முதல் கேள்வியிலேருந்து கடைசிக் கேள்விவரைக்கும் ஒரே ஆள்."

பொய் சொன்னதில்லை, கோபம் வந்ததில்லை என்கிற கேள்விகள் எதற்கு என்று அப்போதுதான் தெரிந்தது. மனிதனாகப் பிறந்தவன் அவற்றுக்கு 'இல்லை' என்றுதான் போட முடியுமாம். 'ஆம்' போட்டால், ஆள் தன்னை மறைக்கிறான் என்று பொருளாம். நாங்கள் ஒவ்வொன்றிலும் ஒருமித்து மறைந்திருந்தோம்.

"யார் மேலயும் தப்பு இல்ல" என்றார் மேடம். "பயத்துல பண்ணினது. மறுபடி எழுதலாம். இந்தத் தடவை ஒவ்வொருத்தரா, தனியா."

வெளியே வந்ததும் சங்கம் என்னைச் சூழ்ந்துகொண்டது. "இன்னா பாணி, உன் பேச்சக் கேட்டு இப்பிடி மகானாப் பூட்டமே."

கீழே

அன்று மத்தியானம் சாப்பாட்டுக்கு உட்கார்ந்தேன். கத்திரிக்காய்க் குழம்பு. நான் விடாமல் ஜோக் அடித்துக்கொண்டிருந்தேன்: மகான்களுக்குத் தனி குவார்ட்டர்ஸ், ஷிஃப்ட் பஸ்ஸுக்குப் பதில் புஷ்பக விமானம். மலர் சிரிக்கவில்லை. கரண்டியைக் கீழே வைத்தாள்.

"என்னாங்க, நீங்க ஜோக் அடிச்சா எனக்குப் பயமா இருக்குது."

"ஏன், நல்லாத்தான இருக்குது?"

"நல்லா இருக்கறதாலதான். உங்களுக்கு நெஞ்சு எவ்ளோ ஓடுதோ அவ்ளோ நல்லா வருது ஜோக்கு. வெண்டக்கா வாங்கப் போயிட்டு வந்த அன்னிக்கு நீங்க பேசின பேச்சுக்கு, பக்கத்து வூட்டுக்காரங்க வந்து உக்காந்து சிரிச்சிட்டுப் போனாங்க."

எச்சில் கையோடு உட்கார்ந்திருந்தேன். எத்தனை தாடிக்காரர்களிடமிருந்து தப்பித்தவன்! கத்திரிக்காய்க் குழம்பு ஊற்றுகிறவளிடம் மாட்டிக்கொண்டேன்.

"நீ படிச்சதுல நான் எந்தத் தியரி?"

"எல்லாத்துலயும் கொஞ்சம் இருக்கறீங்க. எதுலயும் முழுசா அடங்கல. யாருமே அடங்க மாட்டாங்க போல."

"உண்மையச் சொன்னா எறக்கிடுவாங்க மலரு."

ஜோக் இல்லாமல் நான் சொன்ன முதல் வாக்கியம் அது என்று நினைக்கிறேன். கேபினை விட்டு இறங்கினால் நான் யார்? மாமியார் என்னை என்ன சொல்லி அறிமுகப்படுத்துவார்?

மலர் என் தட்டில் ரசம் ஊற்றினாள். "எறக்கனா எறக்கட்டும். கீழதான நாங்கல்லாம் இருக்கறோம்."

மறுநாள் தனி அறையில் அதே கேள்வித்தாள். முகத்தில் மின்விசிறிக் காற்று. எதிரே மேடம் வேறெங்கோ பார்ப்பதுபோல் உட்கார்ந்திருந்தார். அந்தக் கேள்வி வந்தது. நெஞ்சும் ஓடி வந்தது.

"மேடம், இதுக்கு 'ஆம்' போட்டா மிஷின்லேருந்து எறக்கிடுவாங்களா?"

"கொஞ்ச நாள் இறங்க வேண்டி வரும், சார். சிகிச்சை எடுத்துக்கிட்டு நிறையப் பேர் திரும்ப ஏறியிருக்காங்க. நீங்களும் ஏறுவீங்கன்னு சத்தியம் பண்ண முடியாது."

பொய் சொல்லாத ஆளை அந்தப் பரீட்சையில் நான் பார்த்தது அப்போதுதான். 'ஆம்' என்று குறித்தேன். பென்சில் முனை ஒடிந்துவிட்டது. அவ்வளவு அழுத்தம்.

வாக்கி டாக்கி

இறக்கினார்கள். பெல்ட் ஓரத்தில் வேலை. மேலே கேபினில் கலியபெருமாள்.

"இன்னா பாணி, கீழ வந்துட்ட?" என்று கேட்டவர்களிடம், "மேல காத்து ஜாஸ்தி, முடி கலையுது" என்றேன். என் தலையில் முடி இல்லை என்பதால் அது எடுபட்டது. அண்ணாந்து அந்தக் கண்ணாடியைப் பார்க்கும்போது மட்டும், நம் வீட்டில் வேறு யாரோ குடியிருப்பதைத் தெருவில் நின்று பார்ப்பதுபோல் இருந்தது.

மனநல டாக்டரிடம் போனேன். அந்த அறை வாசலில், எனக்கு முன்பே வந்து நாளிதழால் முகத்தை மறைத்து உட்கார்ந்திருந்தவர்களில் பாதிப் பேர் தெரிந்தவர்கள். மாத்திரை கொடுத்தார்கள். படபடப்பு வந்தால் என்ன செய்வது என்று சொல்லிக்கொடுத்தார்கள். மூச்சை மெதுவாக உள்ளே, அதைவிட மெதுவாக வெளியே. எதிரில் என்ன தெரிகிறது என்று ஒவ்வொன்றாகச் சொல்லிப் பார்க்க வேண்டும். மனசு வராத ஆபத்தை விட்டுவிட்டு இருக்கிற இடத்துக்குத் திரும்பும். வெண்டைக்காய் வாங்கும்போது செய்து பார்த்தேன். வெண்டைக்காய், தராசு, கடைக்காரர், அவர் முறைப்பு. வேலை செய்தது.

ஒரு முற்பகல். முதல் ஷிஃப்ட். பெல்ட்டின் ஓரம் மண்ணைத் தள்ளிக்கொண்டிருந்தேன். மேலே வீல் நின்றது. "வீல் ஸ்டாப்" என்று குரல் வரவில்லை. கொஞ்ச நேரம் வெறும் இரைச்சல். பிறகு வாக்கி டாக்கியில் கலியபெருமாள்.

"ஹலோ. ஒரு ஊர்ல... ஒரு எருமை இருந்துச்சாம்."

எல்லாரும் வேலையை நிறுத்திவிட்டார்கள்.

"அது... பால் குடுத்துகினே இருந்துச்சாம். குடுத்துகினே... இருந்துச்சாம்."

முடிந்துவிட்டது. அதுதான் ஜோக். இத்தனை வருஷத்தில் கலியபெருமாள் அடித்த முதல் ஜோக். வாக்கி டாக்கி வெடித்தது. பெல்ட்காரன் சிரிக்கிறான், மண் கொட்டுகிறவன் சிரிக்கிறான், யாரோ விசிலடிக்கிறான்.

நான் சிரிக்கவில்லை. எனக்கு எருமை கேட்கவில்லை. இரண்டு வார்த்தைகளுக்கு நடுவில் அவன் இழுத்த மூச்சு கேட்டது. அந்த மூச்சை எனக்குத் தெரியும்.

"கலியா, பாணி பேசறேன். அந்த எருமைக்கு எதிர்ல இன்னா தெரியுது?"

"இன்னாடா?"

"ஒண்ணொண்ணா சொல்லு. எதிர்ல இன்னா தெரியுது?"

"கண்ணாடி."

"அப்புறம்?"

"மண்ணு. செவப்பு மண்ணு. தண்ணி நிக்குது."

"தண்ணில?"

"கொக்கு."

"கொக்கு இன்னா பண்ணுது?"

"நிக்குதுடா. சும்மா நிக்குது."

"நாமளும் நிப்போம். ஒண்ணும் அவசரம் இல்ல. மூச்ச உள்ள இழு. மெதுவா. இப்ப அத்தவிட மெதுவா வுடு."

மற்றவர்கள் இதையும் ஜோக்கின் தொடர்ச்சி என்று நினைத்துச் சிரித்துக்கொண்டே இருந்தார்கள். சிரிக்கட்டும். அந்தச் சிரிப்பு கேபினுக்குள் கொட்டும்போது எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும்.

கொஞ்ச நேரம் கழித்துக் குரல் வந்தது, பழைய குரல்: "உடம்பு சரியில்ல. மாத்து ஆள் அனுப்புங்க."

இரும்புப் படிகளில் கைப்பிடியை இறுகப் பிடித்துக்கொண்டு இறங்கி வந்தான். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. பெல்ட் ஓரத்தில் என் பக்கத்தில் உட்கார்ந்தான். தண்ணீர் பாட்டிலைக் கொடுத்தேன். பாதியை முகத்தில் ஊற்றிக்கொண்டான்.

"அந்தக் கேள்விக்கு இன்னா போட்ட?"

"மொத தபா இல்லன்னு. ரெண்டாவது தபா ஆமான்னு."

அவன் தலையை ஆட்டினான். "நான் ரெண்டு தபாவும் இல்லன்னுதான் போட்டேன்." பாட்டில் மூடியைத் திருகிக்கொண்டே இருந்தான். "ரெண்டு வருஷமா இருக்குதுடா. உன் ஜோக்கக் கேட்டுகினேதான் சமாளிச்சேன். நீ நிறுத்திட்டா பயமா இருக்கும். அதான் 'அப்புறம் அப்புறம்'னு கேட்டுகினு இருந்தேன்."

எனக்கு ஜோக் எதுவும் வரவில்லை. நெஞ்சு அமைதியாக இருந்தால் அப்படித்தான்.

"போய்ச் சொன்னா எறக்கிடுவாங்களாடா?"

"எறக்குவாங்க. கீழதான நாங்கல்லாம் இருக்கறோம்."

மேலே புது ஆள் ஏறி, வீல் மறுபடி சுற்ற ஆரம்பித்தது. பெல்ட்டில் ஈரமண் வாசத்தோடு மண் வந்தது. கலியபெருமாள் அதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு, பரீட்சை ரிசல்ட் கேட்கிறவன்போல், தயங்கித் தயங்கிக் கேட்டான்.

"ஏன்டா பாணி, ஜோக்கு நல்லா இருந்துச்சா?"

இத்தனை வருஷம் இதற்காகத்தான் காத்திருந்தேன். முகத்தை அவனைப்போலவே வைத்துக்கொண்டேன்.

"அப்புறம்?" என்றேன்.

கலியபெருமாள் சிரித்தான்.